கத்தரிக்காய் பதிப்பு

கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவருடைய குரு பியூலாவுக்கு இருபத்தாறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கட்டற்ற மென்பொருள் ஆட்களிடம் யாருக்கு விஷயம் தெரியுமோ அவர்தான் குரு. வழுக்கையெல்லாம் கணக்கில் வராது.

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எந்த வரியை யார் தொட்டார் என்பது பேரோடு பதிவாகி, ஊரே பார்க்கக் கிடக்கும்.

அன்று காலை கோமதிநாயகம் அண்ணாச்சி மாடியேறி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"குருவே, மோசம் போயிட்டேன்."

நடந்தது இதுதான். முற்றுப்புள்ளி வந்தால் குரல் சற்று நிற்க வேண்டும் என்று அவர் ஒரு திருத்தம் செய்தார். புள்ளியை அது கண்டுகொள்கிறதா என்று சோதிக்க, அந்த இடத்தில் 'கத்தரிக்காய்' என்று சொல்ல வைத்தார். இந்த ஆட்கள் எல்லோரும் செய்கிற குறும்புதான். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மனுஷன் மறந்துபோய், அப்படியே வெளியிட்டுவிட்டார்.

பத்தே நிமிஷத்தில் புகார் வந்துவிட்டது. அனுப்பியவர் தில்ஷாத் என்ற பேராசிரியை, பார்வையற்றவர். பதினோரு மணிக்கு மேடையேற வேண்டும். குறிப்புகளைக் காதில் கேட்டுக் கேட்டுத்தான் பேசுவார். இப்போது வாக்கியத்துக்கு ஒரு கத்தரிக்காய்.

"அந்தம்மா சபையில நின்னு தடுமாறினா என் கதி என்ன?" அண்ணாச்சி புகாரைத் திறந்து காட்டினார். "குருவே, அந்தப் பதிவையே அழிச்சிரலாமா? என் பேருல்லா நிக்கி!"

"அழிக்க எவ்வளவு நேரமாகும்?"

"எல்லார்கிட்டயும் இருக்கிற பிரதியை மாத்தணும். ரெண்டு மணி நேரம்."

"கத்தரிக்காயை எடுக்க?"

"ஒரு வரி." குரல் இறங்கிவிட்டது.

பியூலா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவர், அந்த ஒரு வரியை எடுத்தார். இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். புதிய பதிப்புக்கு ஒரு பேர் வைக்க வேண்டும்.

பழைய பதிப்புகளின் பேர்கள் திரையில் வரிசையாக நின்றன. ஒட்டகம். ஈரத்துண்டு. செருப்பு. வந்து சேர்ந்த முதல் நாளே அண்ணாச்சி கேட்டிருக்கிறார், இதெல்லாம் என்ன பேர் என்று. 'உங்க முறை வரும்போது தெரியும்' என்றுதான் பியூலா சொன்னாள்.

"என்ன பேர் போட?"

"கத்தரிக்காய்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு அந்த வரிசையைப் பார்த்தார். தட்டச்சு செய்து வெளியிட்டார்.

அப்புறம் காத்திருந்தார்கள். பத்தேகால் ஆயிற்று, பத்தரையும் ஆயிற்று. தில்ஷாத்திடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அண்ணாச்சி மூன்று தரம் மாடிப்படி இறங்கி ஏறிவிட்டார். டீ ஆறிப் போயிற்று. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பத்து நாற்பதுக்குப் பதில் வந்தது: 'கத்தரிக்காய் போயிருச்சு. மேடைக்குக் கிளம்புறேன்.'

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு திரையில் நின்ற அந்தப் பேர் வரிசையைக் காட்டினார்.

"குருவே, அந்தச் செருப்பு யாரோடது?"

"என்னோடதுதான். பக்கம் திறக்கலன்னா 'செருப்பு'ன்னு சொல்லும். எடுக்க மறந்துட்டேன்."

"எத்தனை நிமிஷத்துல புகார் வந்துச்சு?"

"மூணு மாசம் வரல."

"அடேயப்பா! மூணு மாசமா ஒருத்தரும் திட்டலையா? குடுத்து வச்சவங்க நீங்க."

பியூலா ஆறின டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அப்பல்லாம் நம்ம புரோகிராமைக் கேக்க ஒரு ஆளும் இல்ல, அண்ணாச்சி."