டிரம்முக்குச் சுதி சேர்த்த கதை

பனைவெட்டிக்குளத்துக்காரங்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன், எனக்குப் பெண் கொடுத்த ஊர் அது. நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் கானமழை இன்னிசைக் குழு என்று ஒன்று உண்டு. பாடுவது சங்குக்கண்ணு அண்ணாச்சி. மைக் செட்டு அவருடையது என்பதால் தலைவரும் அவரே. கீபோர்டு தளவாய். டிரம் ஆவுடையப்பன். வயர் இழுப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் சிட்டான். முப்பது வயசு ஆள்தான், ஆனால் கையடக்கமாக இருப்பான். கண்டக்டர்கள் இன்னும் அவனுக்கு அரை டிக்கெட்தான் கிழிக்கிறார்கள்.

ஆவுடையப்பனுக்கு உப்போடைக்கரையில் பகவதி என்று ஒரு பெண்ணைப் பேசியிருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், போன வருசக் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் டிரம் வாசித்ததை அந்தப் பெண் கேட்டுத் தொலைத்தாள்.

"மாமா, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு" என்று தாய்மாமன் வைகுண்டத்திடம் சொன்னாள். "அந்தச் சத்தம்தான், தகர டின்னை நாய் இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. இந்தக் கொடையிலயும் அப்படியே இருந்துச்சுன்னா எனக்கு வேற இடம் பாருங்க."

இதைக் கேட்ட நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பகவதி மேல் அவனுக்கு உயிர். பாவம், பையன் பாதியாக இளைத்துப் போனான். அவனுக்காக மற்ற மூன்று பேரும் சேர்ந்து இளைத்தார்கள். அப்படி ஒரு சிநேகிதம்.

கடைசியில் டவுனுக்குப் போய் ஞானராஜ் மாஸ்டரைப் பிடித்தார்கள். டிரம்முக்குச் சுதி சேர்ப்பதில் அவர் பெரிய கை. மாஸ்டர் அப்போதுதான் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகவே பாடம் நடந்தது.

"தம்பி, தோலைச் சுத்தி இருக்கிற போல்ட்டுல ஒண்ணை முறுக்கினா, அடுத்து அதுக்கு நேர் எதிர்ல இருக்கிறதைத்தான் முறுக்கணும். பக்கத்துல இருக்கிறதைத் தொட்டுறாத. கச்சேரி மேடையிலயே வச்சு முறுக்கு. முறுக்கிட்டு, சனம் உக்காருற இடத்துல போய் உக்காந்து கேளு, அப்பதான் உண்மையான சத்தம் தெரியும். பெரிய டிரம்முக்குள்ள ஒரு தலையணை வை. அது அசையவே கூடாது."

பஸ் கிளம்பிவிட்டது. நாலு பேரும் அந்த வார்த்தைகளை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கொடையன்று காலையிலேயே மேடையில் டிரம் செட்டை இறக்கியாயிற்று. முதலில் சின்ன டிரம். ஆவுடையப்பன் முறுக்குகிற சாவியைப் போட்டு ஒரு போல்ட்டை முறுக்கினான். அதற்கு நேர் எதிரில் இருந்ததை முறுக்கினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"அடுத்து எது அண்ணாச்சி?"

"இப்ப எதை முறுக்கின?" என்றார் சங்குக்கண்ணு.

"இதை."

"இதுக்கு நேர் எதிர்ல எது இருக்கு?"

"முதல்ல முறுக்கினது."

"அப்ப அதைத்தாம்லே முறுக்கணும். இதுகூடவா சொல்லணும்?"

தளவாய் கொஞ்சம் யோசிக்கிற ஆள். "அண்ணாச்சி, மிச்ச போல்ட்டெல்லாம் சும்மா கிடக்கே?"

"அதெல்லாம் பக்கத்துல இருக்கிறதுவே. தொட்டா மாஸ்டர் வருத்தப்படுவாரு."

மாஸ்டரை வருத்தப்பட வைக்க யாருக்கும் மனசில்லை. அந்த இரண்டு போல்ட்டையே மாற்றி மாற்றி முறுக்கினார்கள். தோல் நடுவில் மடிந்து ஓடம் மாதிரி ஆனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று தளவாய் இன்றைக்கும் சொல்லுகிறார்.

பிறகு நாலு பேரும் மேடையிலிருந்து இறங்கி, சனம் உட்காருகிற மணலில் போய் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"ஏதாவது கேக்கா?"

"ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி."

"எனக்கும் கேக்கல. இன்னும் முறுக்கணும் போல."

ஓடிப்போய் முறுக்கினார்கள். ஓடிவந்து உட்கார்ந்தார்கள். மேடையில் டிரம் கம்மென்று இருந்தது. மறுபடியும் முறுக்கு, மறுபடியும் மணல். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏ, யாராவது அடிச்சாத்தானவே சத்தம் வரும்?"

சங்குக்கண்ணுவுக்கு அவரைப் பார்த்து இரக்கமாகிவிட்டது. "அய்யா, வாசிக்கிறது சாயங்காலம். இப்ப சுதிதான் சேக்கோம்" என்று பொறுமையாக விளக்கினார். பந்தல்காரர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

உச்சி வெயில் நேரம். நாலு பேரும் மணலில் உட்கார்ந்திருக்கும்போது மேடையிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம் வந்தது.

"வந்துட்டு!" என்று துள்ளினான் சிட்டான். நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆவுடையப்பன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பகவதி கழுத்தில் தாலி ஏறிய மாதிரிதான் அவனுக்கு இருந்தது.

மேடையில் ஏறிப் பார்த்தால் தோல் ரெண்டாகக் கிழிந்து கிடந்தது.

"அய்யய்யோ, என் கல்யாணம்!" என்று தலையில் கை வைத்துவிட்டான் ஆவுடையப்பன்.

"அழாதல. சத்தம் வந்துச்சா இல்லையா?" என்றார் தலைவர். "நல்ல சத்தம்தான. அவசரப்பட்டு இப்பவே வந்துட்டு, அவ்வளவுதான். இன்னும் பெரிய டிரம் இருக்கு. அதுக்கு முறுக்கே வேண்டாம், தலையணை மட்டும் வைப்போம்."

பெரிய டிரம்மின் முன்தோலில் மைக் வைக்க ஒரு ஓட்டை உண்டு. பின்தோலைக் கழற்றித் தலையணையை உள்ளே வைத்தார்கள். டிரம்மை நகர்த்தினால் தலையணையும் நகர்ந்தது. துணியால் கட்டிப் பார்த்தார்கள், நகர்ந்தது. கெஞ்சியும் பார்த்தார்கள், நகர்ந்தது.

"அசையவே கூடாதுன்னாரே" என்றார் தளவாய் கவலையோடு. "யாராவது உள்ள இருந்து பிடிச்சுக்கிட்டாத்தான் சரிப்படும்."

எல்லாரும் சிட்டானைப் பார்த்தார்கள். சிட்டான் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுருண்டு, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆவுடையப்பன் கல்யாணமாயிற்றே! தோலை மாட்டி முறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக, "இங்க நல்லாத்தான் இருக்கு, ஒரு டீ மட்டும் சொல்லுங்க" என்று குரல் வந்தது. டீயை ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள்.

விளக்கு வைத்ததும் கச்சேரி. முன்வரிசையில் பகவதி, பக்கத்தில் மாமா வைகுண்டம். கொடை அமளியில் உள்ளே ஆள் இருப்பதை மூன்று பேரும் மறந்தே போனார்கள். ஓட்டைக்கு முன்னால் மைக்கை வைத்தார்கள். சிட்டான் டீ குடித்த களைப்பில், அதாவது டீ குடித்தும் தீராத களைப்பில், தலையணையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பன் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பெரிய டிரம்மின் பெடலைக் காலால் ஒரு மிதி மிதித்தான். 'தும்.'

"யாரது?" என்றது டிரம். ஊரே கேட்டது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டான் சிட்டான். ஆவுடையப்பன் மரியாதை தெரிந்தவன். "நாந்தாம்ணே, ஆவுடையப்பன்" என்றான்.

'தும்.'

"என்னப்பா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ணே, பாட்டு நடக்கு."

'தும். தும்.'

"இருப்பா, வாரேன், கதவை உடைச்சிராத!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. விசில் பறந்தது. பகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மேடையில் தளவாய் மெல்ல, "அண்ணாச்சி, நம்ம சிட்டான் குரல் மாதிரியே இருக்கே" என்றார்.

"சுதி சுத்தமா சேர்ந்தா மனுசக் குரல் வரும்வே. பேசாம வாசியும்" என்றார் சங்குக்கண்ணு.

கச்சேரி முடிந்ததும் மாமா வைகுண்டம் நேரே மேடைக்கு ஏறினார். பெரிய டிரம்மின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை நாள் பையனோடு பழகின டிரம், அதற்குத் தெரியாதது யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். உப்போடைக்கரையும் லேசுப்பட்ட ஊரில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அய்யா டிரம்மு, பையன் எப்படி?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் மறுபடியும் சாமியைக் கும்பிட்டான்.

"தங்கமான பையன்" என்றது டிரம். "குடி கிடையாது, சூது கிடையாது. டிரம் மட்டும் வாசிக்கத் தெரியாது."

மாமா திரும்பிப் பகவதியைப் பார்த்தார்.

"டிரம்மே சொல்லுது மாமா" என்றாள் பகவதி. "வாசிக்கத் தெரியாதவரு வீட்டுல வச்சு வாசிக்க மாட்டாருல்லா? எனக்குச் சம்மதம்."

மறுநாள் காலையிலேயே அம்மன் சன்னதியில் நிச்சயத் தாம்பூலம். கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவர் என்று டிரம்மை மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பாயில் வைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, ஓட்டைக்கு முன்னால் இலை போட்டு இட்லி வைத்தார்கள். ராத்திரியெல்லாம் வருகிற போகிறவர்கள் "டிரம்மய்யா, டிரம்மய்யா" என்று கும்பிட்டதில் சிட்டானுக்கும் தான் டிரம்மய்யா என்றே பழகிப்போயிருந்தது.

தட்டைக் கையில் எடுக்கும்போது மாமா கேட்டார். "மாப்பிள்ளை பக்கம் எல்லாரும் வந்தாச்சா?"

சங்குக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். "சிட்டானைக் காணோமே!"

"பாத்தீங்களா அண்ணாச்சி" என்றார் தளவாய். "ஆவுடையப்பனுக்கு ஒரு நல்ல காரியம். இவன் எங்கயோ ஊர் சுத்தப் போயிட்டான். இவனெல்லாம் ஒரு சிநேகிதனா?"

ஆவுடையப்பனுக்கு மனசு ஒடிந்துவிட்டது. "சிட்டான் இல்லாம நான் தாம்பூலம் மாத்த மாட்டேன்" என்றான்.

டிரம்முக்குள் இட்லி மெல்லுகிற சத்தம் நின்றது.

"அவன் மேல தப்புச் சொல்லாதீங்க" என்றான் சிட்டான். "வெத்தலை பாக்கு வச்சு அவனை முறையா அழைச்சீங்களா? அழைக்காத இடத்துக்கு எப்படி வருவான்? அவன் ரோசக்காரன்."

நியாயம்தானே! மூன்று பேரும் வெட்கப்பட்டுப் போனார்கள். உடனே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு சிட்டான் வீட்டுக்கு நடந்தார்கள். கூட்டம் அப்படியே காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் முகம் வாடித் திரும்பி வந்தார்கள்.

"வீடு பூட்டிக் கிடக்கு" என்றார் சங்குக்கண்ணு.

"அய்யய்யோ" என்றான் டிரம்முக்குள்ளிருந்து சிட்டான். "எங்க போய்த் தொலைஞ்சான்? சாவி என்கிட்டல்லா இருக்கு!"