பித்தளை மணிக்கு ஒரு ஹெட்ஃபோன்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் தோழர் செந்தாமரை. அவருக்கு முப்பது வயதுதான். சங்க அலுவலகத்தில் வகுப்பு எடுப்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அமிர்தலிங்கம் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வகுப்பிலேயே மூத்த மாணவர்.

"டீச்சர், வெளிச்சத்தம் காதில் விழாத ஹெட்ஃபோன் எது நல்லது?"

அறை சிரித்தது. உழைப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்கு நல்ல கேள்வி என்றார் பஸ் டிப்போ தோழர் ஒருவர். செந்தாமரை சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார்.

அமிர்தலிங்கம் தேர்வுக் கைடு போடும் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறவர். முன்பு அவர்கள் பகுதிக்குத் தடுப்பும் கதவும் இருந்தன. ஒரே ஏசி போதும் என்று முதலாளி இரண்டையும் எடுத்துவிட்டு, போனில் கைடு விற்கும் பெண்களைப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டார். ஒரு புத்தகம் விற்றால் பித்தளை மணியை அடிக்க வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். போன மாதம் ஒரு விடைப் பக்கம் முழுக்கத் தப்பாக அச்சாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ஒரு காலத்தில் கதவைக் கழற்றினால் வாசலில் சங்கக் கொடி ஏறும். இப்போது அவரவர் தனித்தனியாக ஹெட்ஃபோன் கடைக்குப் போகிறார்கள். அமிர்தலிங்கத்தோடு புரூஃப் பார்க்கும் மற்றவர்கள் ஏற்கெனவே ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள்.

செந்தாமரை மறுநாள் சாயங்காலம் அவரோடு ரிச்சி தெருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார். பையில் ஒரு சைக்கிள் மணி இருந்தது. அமிர்தலிங்கத்தை புரூஃப் தாள் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

முதலில் மாட்டிப் பார்த்தது விலை கூடியது. மின்விசிறி இரைச்சலும் தெரு ஜெனரேட்டரும் சட்டென்று அடங்கின. செந்தாமரை மணியை அடித்தார். அமிர்தலிங்கம் துள்ளிவிட்டார்.

ஒரே சீராக ஓடுகிற இரைச்சலைத்தான் இது அமுக்கும், திடீர்ச் சத்தத்துக்குக் காதையே அடைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். காதுக்குள்ளேயே வைக்கிற, நுரை முனை வைத்த, வயரில்லாத சின்ன ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நுரையை நசுக்கி உள்ளே வைத்ததும் அது விரிந்து காதை அடைத்துக்கொண்டது. செந்தாமரை மணியை விடாமல் அடித்தார். அமிர்தலிங்கம் தலை நிமிராமல் சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்துக்கொண்டிருந்தார்.

"போதும் மேடம்," என்றார் கடைக்காரர். "ரோட்டுல போறவன்லாம் ஒதுங்குறான்."

இனி அறிவுரை வரும் என்று அமிர்தலிங்கம் காத்திருந்தார். வரவில்லை.

"வாங்கிக்குங்க, தோழர்."

வாங்கிக்கொண்டு இறங்கியபோது செந்தாமரை கேட்டார்: "அந்த மணியை அடிக்கிற பொண்ணு பேரு என்ன?"

"தெரியாது, டீச்சர்."

"எவ்வளவு நாளா அடிக்குது?"

"அது ஆகுது, ஏழெட்டு மாசம்."

செந்தாமரை சைக்கிள் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அமிர்தலிங்கம்தான் முதலில் எழுந்தார். ஹெட்ஃபோன் நன்றாக இருக்கிறது, இந்த வாரம் ஒரு பிழைகூடத் தப்பவில்லை என்றார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் தெரியாதது உறுத்திக்கொண்டே இருந்ததாம். சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டிருக்கிறார். ஜெனிட்டா. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஒரு காதில் போன், மறு காதில் பஞ்சு. மணி வேண்டாம் என்று அவர்களும் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார்கள். புரூஃப் பார்க்கிறவர்களுக்கே இல்லாத தொந்தரவு உங்களுக்கென்ன, அவர்கள் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களே என்று சொல்லிவிட்டாராம்.

"ஆசையிலயா அடிக்கிறோம்னு நினைச்சீங்க, சார்?" என்று கேட்டாளாம்.

"ஆமான்னு சொன்னேன், டீச்சர். அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

வெள்ளிக்கிழமை காலை மணியின் நாக்கில் யாரோ கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அடித்தால் தலையணையைத் தட்டுவதுபோல இருந்தது. யார் வேலை என்று மேனேஜர் இரண்டு பக்கமும் கேட்டார். இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க அமிர்தலிங்கம் முகத்தைச் சட்டைக் கையில்தான் துடைத்துக்கொண்டார்.

நாளைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக முதலாளியிடம் போய்க் கதவைக் கேட்கப்போகிறார்கள். பேசுவது ஜெனிட்டா. பக்கத்தில் நிற்பது இவர்.

பஸ் டிப்போ தோழர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

அமிர்தலிங்கம் உட்காரவில்லை. ஹெட்ஃபோன் ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இனிமே இது எதுக்கு, டீச்சர்? தூக்கிப் போட்டுடவா?"

செந்தாமரை அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நுரையை நசுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"கதவு வர்ற வரைக்கும் போட்டுக்குங்க, தோழர். ஒரு காதுல."