படத்தில் இல்லாத விளக்கு

“டீச்சர், பாக்காத படத்துக்குப் போஸ்டர் வரஞ்சவனை என்ன செய்யலாம்?”

ஹமீதா கல்யாணப் பைகளில் மணமக்கள் பெயரை அச்சடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“எந்தப் படத்தைப் பாக்கலை?”

“எனக்கு ரொம்பப் பிடிச்ச படத்தை.”

அவள் சிரிக்கவில்லை. பையைக் கொடியில் காயப்போட்டாள்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

சந்தியாகு உட்காரவில்லை. வாசலிலேயே, செருப்பைக் கழற்றவும் மனமில்லாமல் நின்றான்.

அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தூத்துக்குடி மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் ராத்திரி வேலை. ஊரெல்லாம் எழுந்து நடமாடும் நேரத்தில் படுக்கவேண்டியவன், படுக்காமல் உட்கார்ந்து வரைவான். யாரும் சொல்லித் தந்ததில்லை. மனதுக்குப் பிடித்த சினிமாவுக்கெல்லாம் தானே ஒரு போஸ்டர் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்வான். அவ்வளவுதான் அவன் ஆசை.

அதை மையில் அச்சடிக்கலாம், நாலு பேர் சுவருக்கும் அனுப்பலாம் என்று கற்றுக்கொடுத்தவள் ஹமீதா. பையும் ஸ்டிக்கரும் அடிக்கிற சின்னக் கடைக்காரி. அவனைவிட வயதில் இளையவள். அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அது இடிக்கவில்லை.

அவள் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான். நிறத்துக்கு ஒன்றாக, மெல்லிய துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டம். எத்தனை பிரதி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னதற்கு மேல் ஒன்றுகூட அடிக்கக் கூடாது. முடிந்ததும் சட்டத்தைக் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் எழுத வேண்டும். இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் கையெழுத்து, நடுவில் படத்தின் பெயர்.

“வடக்கு கேட் போஸ்டரா?” என்றாள்.

தலையாட்டினான்.

“அதை நீங்க பாக்கலையா?”

“பாத்தேன்னுதான் நெனச்சேன்.”

‘வடக்கு கேட்’ ஒரு ரயில்வே கேட்டுக்காரனின் கதை. வந்த சுவடு தெரியாமல் போன படம். சந்தியாகு இளவயதில் மாட்னி ஷோவில் பார்த்தது. அதில் ஒரு காட்சி அவனை விட்டுப் போகவே இல்லை. இருட்டு. தண்டவாளம். கேட்டுக்காரன் மனைவி நீலச் சேலையில் நிற்கிறாள். தூரத்தில் ரயில் வருகிறது. அவள் கையில் சிவப்பு விளக்கு. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். மறைத்தும், சேலை ஓரம் முழுக்கச் சிவப்பு கசிகிறது.

அதைத்தான் வரைந்தான். போஸ்டர் வெளியான அன்றே எல்லாப் பிரதிக்கும் ஆள் வந்துவிட்டது. திரைப்படச் சங்கத்தார் மேடை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “அந்தச் சீனைப் பாத்தப்போ எனக்கு மூச்சே வரலை” என்று பேசினான். மாட்டு டாக்டர் நெல்லையப்பன் எழுந்து, “நானும் அந்தத் தியேட்டர்ல இருந்தேன். நானும் அழுதேன்” என்றார். அப்புறம் ஆளாளுக்கு, ஆமாம், அந்தச் சீன்தான், அந்த விளக்குதான் என்றார்கள்.

ஐஸ் பேக்டரியில் அவனை ‘ஏ, கட்டி’ என்று கூப்பிடுவார்கள். ஐஸ்கட்டியைச் சுருக்கி வைத்த பெயர். வெளியே இப்போது ஓவியர் என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தான்.

“சங்கத்துல எப்படியோ அந்தப் படத்தைத் தேடிப் பிடிச்சிட்டாவ,” என்றான். “நாளைக்கு மத்தியானம் போடுதாவ. முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணுமாம். அதுக்காவ எனக்கு மட்டும் நேத்தே போட்டுக் காட்டுனாவ.”

“சரி.”

“அதுல அந்தச் சீன் இல்ல டீச்சர்.”

ஹமீதா மை டப்பாவை மூடினாள்.

“அவன் பொண்டாட்டி பாதிப் படத்துக்கு முன்னாடியே செத்துப் போறா. அவ கையில விளக்கே வரலை. ஆரம்பம் ஞாபகம் இருக்கு. கடைசி ஞாபகம் இருக்கு. நடுவுல எதுவுமே நான் பாத்ததில்ல. எல்லாம் புதுசு.”

“அப்ப?”

சந்தியாகு தரையைப் பார்த்தான்.

“தூங்கிருக்கேன். அப்பவும் ராத்திரி வேலைதான். ஷிப்ட் முடிச்சு நேரா போயி உக்காந்தது. எல்லாரும் மூக்கைச் சிந்துத சத்தத்துலதான் முழிச்சிருக்கேன். நானும் சேந்து அழுதிருக்கேன்.”

“சொப்பனத்தை வரஞ்சிருக்கீங்க.”

“அதுக்குக் கீழ படத்தோட பேரை எழுதிருக்கேன். மைக்குல வேற பேசிருக்கேன். நாளைக்கு எல்லாரும் பாப்பாவ. இவன் தூங்குமூஞ்சி, நம்மள ஏமாத்திட்டான்னு...” முடிக்கவில்லை. “பேசாம ரயிலேறிருவமான்னு இருக்கு.”

“கடைசிப் பிரதி என்னாச்சு?”

“அதான், சங்கத்து வாசல்ல மாட்டக் கேட்டது. நீலமும் கறுப்பும் ஏறிருச்சு. சிவப்பு மட்டும் பாக்கி. அன்னைக்கு மை தீந்துபோச்சுல்லா.”

“அடிங்க.”

“டீச்சர், அதைக் கிழிச்சுப் போடத்தான் வந்தேன்.”

“அடிச்சிட்டுக் கிழிங்க.”

வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மை கலக்க உட்கார்ந்தான். டப்பாவிலிருந்த சிவப்பில் கொஞ்சம் மஞ்சள் விட்டான். போதவில்லை. ஒரு சொட்டுக் கறுப்பு. அதிகம். மறுபடி முதலிலிருந்து.

ஹமீதா பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பும் இப்படித்தான். இந்தச் சிவப்புக்காக அவன் வீணாக்கிய மையில் ஒரு கல்யாணத்துக்கே பை அடித்திருக்கலாம் என்று திட்டியிருக்கிறாள். குங்குமச் சிவப்பா என்றால் இல்லை என்பான். ரத்தச் சிவப்பா என்றால் இல்லை. விளக்குச் சிவப்பா என்றால் அதுவும் இல்லை.

கடைசியில் மை அவன் மனதுக்குப் பிடிபட்டது. சட்டத்தை வைத்து, மையைக் கட்டையால் ஒரே இழுப்பு. தூக்கினான். நீலச் சேலை ஓரத்தில் சிவப்பு வந்து உட்கார்ந்தது.

ஹமீதா போஸ்டர்ப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவ எதுக்கு விளக்கை மறைக்கா?”

“ரயில் நிக்கக் கூடாதுன்னு.”

“நின்னா?”

“எறங்கிப் பாப்பாவ. இவ மொகம் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா?”

சந்தியாகுவுக்குச் சொப்பனம் அதுவரைக்கும் வரவில்லை.

“இந்தச் சிவப்பை எங்க பாத்தீங்க?”

“தெரியலை டீச்சர். எங்கயோ பாத்தது.”

அவள் அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். உச்சி வெயில். சட்டம் கழுவும் தொட்டிப் பக்கம் நிற்க வைத்தாள்.

“மேல பாருங்க.”

பார்த்தான். கண் கூசியது.

“கண்ணை மூடிட்டுப் பாருங்க.”

மூடினான்.

அந்தச் சிவப்பு.

அப்படியே நின்றான். இமைக்கு மேல் வெயில். எங்கேயோ ஒரு கதவு திறந்த சத்தம் காதில் வந்தது. இடைவேளை. அன்றைய தியேட்டரின் பக்கவாட்டுக் கதவு. முறுக்கு விற்கிறவன் குரல். கால்களை மடக்கி வழிவிட்டவர்கள். தூங்கிக்கொண்டிருந்த அவன் மூடிய கண்ணில் மத்தியான வெயில் வந்து விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது ஹமீதா உள்ளே போய்விட்டிருந்தாள்.

அவன் போய் மேஜைக்கு முன்னால் நின்றான். பென்சிலை எடுத்து எண்ணை எழுதினான். கையெழுத்துப் போட்டான். நடுவில் எழுதப் போன கை நின்றுவிட்டது.

“நடுவுல என்ன எழுதட்டும்?”

ஹமீதா தன் மேஜையிலிருந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். அப்புறம் சிவப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு நானும் வாறேன்,” என்றாள் அங்கிருந்தே.

மறுநாள் சங்கத்துக் கூடம் நிறைந்திருந்தது. வாசலில் அந்தக் கடைசிப் பிரதி மாட்டியிருந்தது. நடுவில் பெயரில்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. டாக்டர் நெல்லையப்பன் தன் பிரதியைச் சுருட்டி, குழாயில் போட்டு, கையோடு கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தியாகுவைப் பேசக் கூப்பிட்டார்கள். “படம் முடியட்டும்” என்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். தட்டத் தட்ட அவனுக்கு உடம்பு கூசியது.

படம் ஓடியது. கேட்டுக்காரன் மனைவி செத்துப்போனாள். யாரோ முன்னால் லேசாக அசைந்தார்கள். யாரோ இருமினார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்தது.

எல்லாரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

நெல்லையப்பன்தான் எழுந்தார்.

“இதுல வெட்டிருக்காவ.”

“ஆமா,” என்றது இன்னொரு குரல். “அந்தச் சீன் இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்.”

“ரெண்டாவது வாரத்துல தூக்கிட்டாவளாம், நீளம்னு.”

“மழைகூடப் பெய்யும்லா அதுல?”

“பெய்யும், பெய்யும்.”

சந்தியாகுவின் சொப்பனத்தில் மழை இல்லை.

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. செயலாளர் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார். “நீங்களே சொல்லுங்க. வெட்டுனதுதான?”

ஒரு தலையாட்டல் போதும். வெட்டுப்பட்ட காட்சியைக் காப்பாற்றி வைத்தவன் என்ற பேர் வேறு கிடைக்கும். தலை ஆடப் பார்த்தது.

கடைசி வரிசையைப் பார்த்தான். ஹமீதா கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தாள்.

மைக்கை வாங்கவில்லை.

“யாரும் வெட்டலை,” என்றான். “அப்படிச் சீனே கிடையாது. நான் தூங்கிட்டேன்.”

ஒருவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

“நெசமாத்தான். ராத்திரி பூரா ஐஸ் ஒடச்சிட்டு வந்து உக்காந்தேன். தூங்கிட்டேன். அது எனக்கு வந்த சொப்பனம். படத்துப் பேரை எழுதுனது என் தப்பு. திருப்பித் தாறவங்க தாங்க, வாங்கிக்கிடுதேன்.”

சிரித்தவர் நிறுத்திக்கொண்டார்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றான். யாரும் திட்டவில்லை. மழை பெய்யும் என்றவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். நீளம் என்று தூக்கினார்கள் என்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் பஸ் நேரம் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் தலையில் கொட்டிக்கொள்வதாக நினைத்து, கூடத்தில் இருந்த அத்தனை பேர் தலையிலும் கொட்டியிருக்கிறான்.

நேற்று இருந்ததைவிட இன்று கூடுதலாகக் குன்றிப்போனான்.

கூடம் காலியானது. நெல்லையப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. குழாயை மடியில் பிடித்துக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியாகு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மன்னிச்சிருங்க சார்.”

“அப்ப நான் எதுக்குய்யா அழுதேன்?”

“தெரியலை சார்.”

அவர் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “நான் அந்தப் படத்துக்கு உள்ளயே போகலை.”

சந்தியாகு அவரைப் பார்க்கவில்லை. தானும் திரையையே பார்த்தான்.

“ரெண்டு டிக்கெட் எடுத்தேன். வாசல்லயே நின்னேன். மணி அடிச்சாச்சு. பாட்டு கேட்டுது. இடைவேளைக்குக் கதவைத் தெறந்தாவ. நின்னேன். படம் விட்டு எல்லாரும் அழுதுட்டு வந்தாவ. அப்பவும் நின்னேன்.”

“யாருக்காவ சார்?”

அவர் குழாயைத் திறந்து போஸ்டரை உருவினார். நாற்காலிக் கைகளின் மேல் விரித்தார். சுருண்டுகொள்ளப் பார்த்த ஓரத்தைச் சந்தியாகு பிடித்துக்கொண்டான். நீலச் சேலை. கசிகிற சிவப்பு.

“இதைத் திருப்பிக் கேக்காதய்யா.”

“கேக்கலை சார்.” கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவ எதுக்கு விளக்கை மறைக்கா?”

நெல்லையப்பன் குனிந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

“ரயில் நின்னு,” என்றார், “யாரும் எறங்கலைன்னா?”

சந்தியாகு சட்டைப் பையில் கைவிட்டு ரப்பரை எடுத்தான். அடியில், நடுவில் இருந்த பெயரின் மேல் வைக்கப் போனான்.

டாக்டர் ரப்பரை அவன் கையிலிருந்து வாங்கி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.