ஒரு சொட்டுக் கடல்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னத் துறைமுகம். அங்கே ஓர் இழுவைக்கப்பல். அதன் இயந்திர அறையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பது.

குரு ரெஜினாள், தலைமை எஞ்சினியர். சீடர் மாசானமுத்து, லாரிப் பட்டறையில் பேர் வாங்கிவிட்டுக் கடலுக்கு வந்தவர். அவர் கை வைத்த லாரி நின்ற இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. அந்தப் பெருமையைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு அவர் கப்பல் ஏறவில்லை.

எஞ்சின் சுற்றும் நீள இரும்புத் தண்டு, கப்பலின் பின்பக்கச் சுவரில் உள்ள துளை வழியாக வெளியே போய், கடலுக்குள் விசிறியைச் சுழற்றுகிறது. துளைக்கும் தண்டுக்கும் நடுவே கிரீஸில் ஊறிய கயிற்றைத் திணித்து நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். அப்படியும் அங்கே கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே ரெஜினாள் ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பாள். வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

மாசானமுத்துவுக்கு அந்த டம்ளரைக் கண்டாலே ஆகாது.

"ஒரு சொட்டுகூட ஒழுகாத கப்பலே கிடையாதா மேடம்?" என்று கேட்டார்.

ரெஜினாள் டம்ளரைக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

மாசானமுத்துவின் கை சும்மா இருக்கிற கையா? மறுநாள் அவள் வருவதற்குள் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒரு பிடி பிடித்தார். சொட்டு நின்றது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மனசு குளிர்ந்துபோனது.

அவள் கப்பலில் கால் வைத்த நேரம் வயர்லெஸ் அலறியது. எஞ்சின் நின்றுபோன விசைப்படகு ஒன்றை, ஆட்களோடு, அலை பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதாம். இழுவைக்கப்பல் விரைந்தது.

வடம் கட்டியாயிற்று. கப்பல் முக்கி இழுத்தது. அப்போதுதான் இயந்திர அறையில் தீய்ந்த வாடை வந்தது. கயிறு திணித்த இடத்திலிருந்து புகை.

"புகையுது மேடம்! எஞ்சினை நிப்பாட்டச் சொல்லவா?"

"நிப்பாட்டுனா படகு பாறையில."

மாசானமுத்துவின் முகம் செத்துவிட்டது. ரெஜினாள் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"நட்டைத் தளத்துங்க அண்ணாச்சி."

"கடல் உள்ள வந்துரும் தாயி!"

"வரட்டும். அந்தத் தண்டைக் குளிப்பாட்டக் கடலை விட்டா வேற ஆளில்ல."

இறுக்கியே பழகிய கை. இப்போது தளர்த்தியது. இந்த நட்டில் கொஞ்சம், அந்த நட்டில் கொஞ்சம். முதலில் ஆவி சீறியது. பிறகு தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைக்காமல் இன்னும் தளர்த்தினார்.

புகை அடங்கியது. தண்டு சீராகச் சுற்றியது. நன்றாகக் குளிர்ந்த பிறகு, "இப்ப லேசா பிடிங்க. சொட்டு நிக்கக்கூடாது" என்றாள். அவர் பிடித்தார். சொட்டு நிற்கவில்லை. அவரே டம்ளரை நிமிர்த்தி அடியில் வைத்தார்.

மேலே ஒரே கூச்சல். "வந்துட்டு! வந்துட்டு!"

இருவரும் ஏறி ஓடினார்கள். பாறைகள் பின்னால் தூரத்தில் கிடந்தன. இழுபட்டு வந்த படகில் ஆட்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். ஒருவர் மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். கப்பல் சங்கை விடாமல் ஊதியது. மாசானமுத்து தொப்பலாக நனைந்து, அழுதுகொண்டே சிரித்தார். வாழ்நாளில் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

கரை நெருங்கியதும் மெல்லக் கேட்டார். "நேத்து நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே மேடம். ஒழுகாத கப்பலே கிடையாதா?"

ரெஜினாள் கை நீட்டினாள்.

"ஏன் இல்ல? அந்தா, மணல்ல ஏத்திப் போட்டிருக்கே பழைய கப்பல். பத்து வருசமா ஒரு சொட்டு ஒழுகல அண்ணாச்சி. அதுல ஆடு கட்டியிருக்காவ."