கறுப்புத் துணிக்கு அடியில்

கறுப்புத் துணியில் உறைந்து கிடந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே சிஸ்டர் லூர்தரசி கேட்டாள்.

“மதர், மூணு வருஷத்துக்குக் கொடுக்கிற வார்த்தைப்பாட்டுக்கும் சாகுற வரைக்கும் கொடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். ரெண்டுலயும் அதே மூணுதானே?”

மடத்துத் தலைவி மதர் பசிலியா துணியின் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

“இந்தத் துணிதான் வித்தியாசம்.”

மூணு வருஷக்காரிகளுக்கு அது கிடையாது. சாகும்வரை என்று வாக்குக் கொடுப்பவள் பீடத்தின் முன்னால் குப்புறப் படுப்பாள். அவள்மேல் அதைப் போர்த்துவார்கள். மடத்தில் யார் செத்தாலும் பெட்டிமேல் விரிப்பதும் அதையேதான்.

வருகிற சனிக்கிழமை லூர்தரசியின் முறை.

“எனக்கு வேண்டாம், மதர்.”

“ஏன்?”

“எங்கம்மா ரெண்டு மாசமா படுத்த படுக்கை. அண்ணி அவங்க கிட்டயே போறதில்லையாம். முதுகெல்லாம் புண்ணாம். சனிக்கிழமையோட என் மூணு வருஷம் முடியுது. அதுக்கப்புறம் நான் வீட்டுக்குப் போனா யாரும் ஏன்னு கேக்க முடியாது.”

“ரெண்டு மாசமாவா?”

“ஆமா.”

“போயிட்டு வரட்டான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

லூர்தரசி சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“கேட்டு, நீங்க கூடாதுன்னுட்டா? கீழ்ப்படியணுமே. கேக்காம இருந்தா சனிக்கிழமை வரைக்கும் நாளாவது எண்ணிட்டிருக்கலாம்.”

மதர் துணியை விட்டார். அந்தப் பருத்த உடம்போடு, கையூன்றி, சிமெண்டுத் தரையில் மெல்லக் குப்புறப் படுத்தார்.

“போர்த்து.”

“மதர்...”

“சனிக்கிழமை வரைக்கும் கீழ்ப்படிதல் இருக்குல்ல? போர்த்து.”

போர்த்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எங்கம்மா நாலு மாசம் கிடந்தா. அப்ப நானும் மூணு வருஷக்காரிதான். மடத்துத் தலைவியா இருந்த பெரிய மதர் கூடாதுன்னுருவாங்கன்னு பயந்து கேக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“அடக்கமெல்லாம் முடிஞ்சுதான் கடுதாசி வந்துச்சு. பெரிய மதர் படிச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. ‘ஏன்டி, வாயைத் திறந்திருந்தா முதல் நாளே அனுப்பியிருப்பேனே’ன்னாங்க.”

துணி ஏறி இறங்கியது.

“அதுக்கப்புறம்தான் இதுக்குள்ள படுத்தேன். முப்பத்தொரு வருஷமாச்சு, லூர்தரசி. இன்னும் எந்திரிக்கல.”

லூர்தரசியின் நகக்கண்ணில் மெழுகு குத்தியது.

“இப்பக் கேக்கிறேன், மதர். சாயங்கால பஸ்ஸுக்கே நான்...”

“சிஸ்டர் லூர்தரசி!” வராந்தாவிலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். “போன்ல உங்க அண்ணன். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு, அழுதுகிட்டே இருக்காரு.”