மண்ணுக்குப் பதிலா சில்வர் பேப்பர்

என் கண்ணு பட்டுத்தான் கூடு கவுந்துச்சா? மயிலண்ணே, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க! பள்ளிக்கூட ஜன்னல்ல உக்காந்து பாடம் கேக்கிற மைனா நான். அதைத் திமிருன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். கொலைகாரின்னா கேக்க மாட்டேன்!

நடந்ததை எல்லாரும் கேளுங்க.

குளத்துமேல சாஞ்ச ஈச்சமரத்துல தூக்கணாங்குருவி காத்தான் கூடு கட்டினான். பாதி முடிஞ்சதும் உள்பக்கம் ஈரமண்ணு அப்பணும். அதுதான் அவங்க வழக்கம். அன்னைக்குன்னு பாத்து, ஊர் சுத்த வந்தவங்க பிரியாணி தின்னுட்டு சில்வர் பேப்பரைக் கரையிலேயே போட்டுட்டுப் போனாங்க. வெயில்ல அது சும்மா மின்னுச்சு!

"இது என்னண்ணே?"ன்னு காத்தான் உங்ககிட்ட கேட்டான்.

நீங்க என்ன சொன்னீங்க? "வெள்ளிடா தம்பி! ராஜா வீட்டுச் சமாச்சாரம்! இதை ஒட்டு. சேத்தை எவன் பூசுவான்?"

நான் கத்தினேன். "வெள்ளியுமில்ல, வெங்காயமுமில்ல! அந்தக் காலத்துல வெள்ளீயத்தைத் தட்டித் தாளாக்கினாங்க. இப்போ அலுமினியத்தை மெலிசா உருட்டுறாங்க. சோறு ஆறாம, பரோட்டா காயாம சுத்தி வைக்கத்தான் இது! ஊதினா பறந்துடும், காத்தான். மண்ணோட கனம் இதுக்கு வராது!"

"பொறாமை புடிச்சவ!"ன்னு சிரிச்சீங்க. காத்தானும் சிரிச்சான். அவன் பொண்டாட்டி செம்பி மட்டும், "மண்ணும் கொஞ்சம் வையேன்"னா.

"மயிலண்ணனே சொல்லிட்டாரு. நீ சும்மா இரு!"ன்னுட்டான்.

ரெண்டு குஞ்சு பொரிச்சுது. பளபளன்னு இருந்த கூட்டை காடே வந்து பாத்துச்சு. அப்புறம் ஆடிக்காத்து அடிச்சுது. பக்கத்துக் கூடெல்லாம் மண்ணு கனத்துல லேசா ஆடி நின்னுச்சு. காத்தான் கூடு மட்டும் பம்பரமா சுத்திக் கவுந்துச்சு. குஞ்சுங்க ரெண்டும் தண்ணியில விழுந்துச்சு. றெக்கைகூட முளைக்கல அதுங்களுக்கு.

காத்தான் அந்த ஈச்சமரத்துப் பக்கமே வர்றதில்ல. செம்பி இன்னமும் வாயில வெட்டுக்கிளியைக் கவ்விக்கிட்டு குளத்தையே சுத்திச் சுத்தி வர்றா. அதைப் பாத்தும், அவகிட்டயே போய் 'மைனா கண்ணு போட்டுட்டா'ன்னு சொல்றீங்களே, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?

தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா, நம்பினவன் வீட்டுலதான் உசுரு போகும். நான் சொல்றது பொய்யின்னா, இப்பவே செம்பி முகத்தைப் பாத்து, இத்தனை பேரும் கேக்க, இல்லேன்னு சொல்லுங்க மயிலண்ணே!