துரையின் குதிரையும் டைம் பீயிங்கும்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஆண்ட ராஜாவுக்கு இங்கிலீஷ் மோகம் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் துறைமுகத்துக்கு வந்த வில்காக்ஸ் துரை, தம் சரக்கு மழையில் நனைகிறதென்று கோட்டைக் களஞ்சியத்தை "ஃபார் த டைம் பீயிங்" கேட்டார். ராஜாவும் அர்த்தம் விசாரிக்காமல், "கொடுத்தோம், ஃபார் த டைம் பீயிங்" என்று சபையறியச் சொல்லிவிட்டார்.

அறுவடை வந்தது. நெல் வெட்டவெளியில் குவிந்து கிடக்க, வானம் கறுத்தது. களஞ்சியத்தைத் திரும்பக் கேட்டுவர, இங்கிலீஷை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அரங்கநாயகத்தை ராஜா அனுப்பினார். துரையின் தயவுக்கு ஏங்கிய துபாஷி, போன வேகத்தில் திரும்பினார்.

"டைம் என்றால் காலம், பீயிங் என்றால் இருத்தல். காலம் இருக்கும்வரை களஞ்சியம் துரைக்கே, மகாராஜா. தாங்கள் கொடுத்த வாக்கு."

விகடகவி கூத்தபிரானுக்குப் பொறுக்கவில்லை. "மழைக்குப் பயந்து இடம் கேட்டவர் ஊழிக்காலம் வரைக்குமா கேட்டிருப்பார்?"

அவர்மேல் வெகுநாள் பொறாமை துபாஷிக்கு. "இங்கிலீஷில் ஓர் எழுத்து அறியாதவர் எனக்குப் பாடம் சொல்வதா? நாளைச் சபையில் நிரூபிக்கட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

வாக்குக்குக் கட்டுப்பட்ட ராஜா, மனமில்லாமல் தலையசைத்தார்.

கூத்தபிரான் வெளியே வந்தார். துறைமுகத்தில் துரையின் பக்கத்தில் அவருடைய வெள்ளைக் குதிரை நின்றது. கைப்பொருள் போகும்போது எவனும் சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்லிவிடுவான் என்று அவருக்குத் தோன்றியது.

"மாமனார் ஊருக்குப் போகணும் துரை. குதிரை வேணும். ஃபார் த டைம் பீயிங்."

தம் பாஷையைக் கேட்ட துரைக்கு ஒரே சந்தோஷம். கடிவாளத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் துரை முகம் சிவக்கச் சபைக்கு வந்தார். "இந்த மனுஷன் என் குதிரை வாங்கிப் போனான். காலையில் கேட்டேன், தர முடியாதுன்னு சொல்றான்."

"ஏன் தர வேண்டும்?" என்றார் கூத்தபிரான். "ஃபார் த டைம் பீயிங் கேட்டேன், கொடுத்தார். காலம் இருக்கும்வரை குதிரை எனக்கே. துபாஷியைக் கேளுங்கள், மகாராஜா."

துபாஷி அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

துரை பொறுமையிழந்தார். "இல்லை, இல்லை. அதுக்கு அர்த்தம், இப்போதைக்கு. கொஞ்ச நாளைக்கு. எங்க ஊர்ல குழந்தைக்கும் தெரியும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் நம் களஞ்சியம்?"

"அதுவும் அப்படித்தான். கேட்டால் காலி பண்ணுவேன். யாரும் வந்து கேட்கலையே."

சபை முழுவதும் துபாஷியைத் திரும்பிப் பார்த்தது.

"குதிரை வாசலில் நிற்கிறது துரை, கொள்ளும் தின்றாயிற்று" என்றார் கூத்தபிரான் பணிவாக. ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். முதல் தூறல் விழுமுன் நெல்லெல்லாம் களஞ்சியம் சேர்ந்தது. மூட்டை சுமந்தவர்களில் அரங்கநாயகமும் ஒருவர்.

"இனி நீரே நம் துபாஷி" என்றார் ராஜா.

"எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நேற்றோடு தீர்ந்துவிட்டது, மகாராஜா."

ராஜா மறுபடி விழுந்து விழுந்து சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார்.